பாடி ஸ்கேன் முடிந்து எழுந்தால் இருபது நிமிடம் காணோம்!

கேள்வி: எனக்கு வயது 34. பதற்றத்துக்காக நான்கு மாதமாக ஓர் உளவியல் சிகிச்சையாளரிடம் போகிறேன். இரண்டு மாதமாக மூச்சுப் பயிற்சியும், கண்ணை மூடிப் படுத்துத் தலைமுதல் கால்வரை உடலைக் கவனிக்கும் பாடி ஸ்கேனும் சொல்லித் தருகிறார். வீட்டிலும் தினமும் நாற்பது நிமிடம் செய்கிறேன். விரல் மரத்துப்போகிறது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கிறது, வயிறு உறுமுகிறது, தொடை நடுங்குகிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. சில நாள் எழுந்து பார்த்தால் இருபது நிமிடம் எப்படிப் போனதென்றே தெரிவதில்லை. ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். வாட்ச்சில் ஹெச்.ஆர்.வி. (இதயத் துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) மட்டும் குறைவாகக் காட்டுகிறது. இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு பழுதோ என்று வீடியோ பார்த்துக் கழுத்தை அழுத்தித் தேய்த்துக்கொள்கிறேன். பயிற்சிக்கு முன் பயமாக இருப்பதால் பெரும்பாலான நாள் அம்மாவின் அல்பிரசோலம் மாத்திரையில் பாதி போட்டுக்கொள்கிறேன். உடல் நடுங்கினால் சிறு வயதில் நடந்த ஏதோ ஒன்று உடலில் பதிந்திருக்கிறது என்று படித்தேன். எனக்கு எதுவும் நினைவில்லை. அப்படி ஏதாவது நடந்திருக்குமா?

பதில்: தொடை நடுங்கியதை வைத்துச் சிறு வயதில் உங்களுக்கு ஏதோ நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் சிகிச்சையாளராலும் முடியாது, என்னாலும் முடியாது. வீடியோவில் பேசுகிறவரால் நிச்சயமாக முடியாது.

நீங்கள் படித்தது முழுப் பொய்யாக இருந்தால் தொல்லை இல்லை. அது பாதி உண்மை, அதனால்தான் இவ்வளவு பேரைப் பிடித்துக்கொள்கிறது. கொடுமையான அனுபவத்துக்கு ஆளானவர்களுக்குத் திடுக்கிடல், தசை இறுக்கம், நடுக்கம் எல்லாம் வரலாம். அதற்காக நடுங்குகிறவர்கள் எல்லாரும் அப்படி ஆளானவர்கள் ஆகிவிடமாட்டார்கள். எல்லோருடைய தசையிலும் வினாடிக்கு 8 முதல் 12 முறை ஒரு மெல்லிய நடுக்கம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. பதற்றத்தில் அட்ரினலின் ஏறினாலோ, தசையை நெடுநேரம் இறுக்கிப் பிடித்துவிட்டாலோ தெரிகிற அளவுக்குப் பெருகும். நடுக்கம் உங்கள் உடலின் இன்றைய நிலையைக் காட்டுகிறது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

நினைவைத் தோண்டிப் பார்க்கலாமா என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 1995-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்லின் பிக்ரெலும் வெளியிட்ட ஆய்வில், 24 பேரிடம் அவர்கள் குடும்பத்தார் சொன்ன உண்மைச் சம்பவங்களோடு, சிறு வயதில் கடை வளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றையும் கலந்து கொடுத்தார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் அந்த நடக்காத சம்பவத்தை முழுதாகவோ அரைகுறையாகவோ 'நினைவுபடுத்திக்கொண்டார்கள்'. பதற்றத்தோடு, கண்ணை மூடி, ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு தேடுகிற மனம் எதையாவது கண்டுபிடித்துத் தரும். உண்மையாகவே ஒன்று நினைவுக்கு வந்தால் அதைச் சிகிச்சையாளரிடம் பேசுங்கள். வராத ஒன்றுக்காகத் தொடையைக் கேள்வி கேட்க வேண்டாம்.

இப்போது நான் கவலைப்படுகிற விஷயம். நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன அந்த இருபது நிமிடம்.

நேரம் தொலைந்துபோவதற்கு நான்கு காரணங்கள் உண்டு. மிகச் சாதாரணமானது தூக்கம்: படுத்துக்கொண்டு கண்ணை மூடி நாற்பது நிமிடம் கிடந்தால் தூங்காதவர் குறைவு. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் விழித்து, விழித்தவுடன் தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் தூக்கம்தான். இரண்டாவது, அந்தப் பாதி மாத்திரை. அல்பிரசோலம் தூக்கத்தை மட்டும் தருவதில்லை. அது வேலை செய்கிற நேரத்தில் புதிய நினைவு பதிவதையே தடுக்கும். விழித்துத்தான் இருந்திருப்பீர்கள், ஆனால் பதிவாகியிருக்காது.

மூன்றாவது, டிஸ்ஸோசியேஷன் எனப்படும் விலகல் நிலை. சத்தம் தூரத்திலிருந்து வருவது போலிருக்கும், கை வேறு யாருடையதோ போலத் தோன்றும், தன்னையே வெளியில் நின்று பார்ப்பது போலிருக்கும், பிறகு எதுவுமே இருக்காது. பயிற்சிதான் இதைக் கிளப்பியிருக்கலாம். கண்ணை மூடி, அசையாமல் படுத்து, கவனத்தை முழுக்க உள்ளே திருப்பும்போது வெளியுலகத்தைப் பிடித்துக்கொள்ள எதுவும் மிச்சமிருப்பதில்லை. பதற்றம் ஓர் அளவைத் தாண்டியதும் மனம் இணைப்பைத் துண்டித்துக்கொள்கிறது. இது பைத்தியத்தின் ஆரம்பம் இல்லை. மறைந்திருக்கும் கடந்தகாலத்துக்கு ஆதாரமும் இல்லை. தூக்கமின்மையிலும் பேனிக் அட்டாக்கிலும்கூட வரும். ஆனால் பயிற்சி உங்களுக்கு அளவு மீறிப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அதைச் சட்டை செய்யாமல் தினமும் நாற்பது நிமிடம் செய்துகொண்டே போனால் தாங்கும் திறன் வளராது, துண்டித்துக்கொள்ளும் பழக்கம்தான் வளரும்.

நான்காவது, வலிப்பு. கை கால் வெட்டி விழுவது மட்டும் வலிப்பு என்று நினைக்க வேண்டாம். மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் தொடங்கும் வகையில், வயிற்றிலிருந்து ஏதோ தொண்டைக்கு ஏறுவது போலிருக்கும். புது இடம்கூட ஏற்கெனவே பார்த்தது போலத் தோன்றும். பிறகு அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை வெறித்த பார்வை, மெல்லுவது போல வாயசைவு, ஆடையைப் பிடித்துப் பிடித்து இழுப்பது. அதன்பின் சிறிது நேரம் குழப்பம். தனியாக இருப்பவருக்கு இந்த வெறிப்பும் வாயசைவும் நடந்ததே தெரியாமல் போகலாம். உங்கள் விஷயத்தில் இதற்கு வாய்ப்புக் குறைவு என்றே நினைக்கிறேன். ஆனால் வேகமாக மூச்சுவிடுவது சிலருக்கு வலிப்பைத் தூண்டும். மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுக்கும்போது 3 நிமிடம் வேண்டுமென்றே அப்படி மூச்சுவிடச் சொல்வது அதற்காகத்தான். எனவே ஊகத்தில் விடக்கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். படுத்துச் செய்யும் பாடி ஸ்கேனை இன்றே நிறுத்துங்கள். அடுத்த முறை அப்படி ஆனால் வீட்டில் இருப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கட்டும், எத்தனை நிமிடம் என்று குறிக்கட்டும், போனில் வீடியோ எடுக்கட்டும். மருத்துவருக்கு ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைவிட அந்த வீடியோ அதிகம் சொல்லும். பயிற்சிக்கு வெளியே, நடக்கும்போதோ பேசும்போதோ ஒருமுறை நேரம் தொலைந்தாலும், நாக்கைக் கடித்திருந்தாலும், தன்னை அறியாமல் சிறுநீர் போயிருந்தாலும் அந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஒரு ஈ.ஈ.ஜி. நார்மல் என்று வந்துவிட்டால் வலிப்பே இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. வந்தபோது நடந்ததைக் கேட்டுத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். இது தெளிவாகும்வரை வண்டி ஓட்டாதீர்கள், தனியாக நீந்தாதீர்கள்.

அம்மாவின் மாத்திரைக்கு வருகிறேன். இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த அல்பிரசோலத்தை இரண்டு மாதமாகப் பெரும்பாலான நாள் விழுங்கியிருக்கிறீர்கள். அது நினைவைக் குழப்பி, மேலே சொன்ன நான்கில் எது என்று கண்டுபிடிப்பதையே கடினமாக்கிவிட்டது. அதைவிட மோசம், சிகிச்சையின் அடிப்படையையே அது அரித்துவிடுகிறது. பதற்றம் ஏறும், நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் அது இறங்கும் என்று உடல் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் பயிற்சிகள். மாத்திரை போட்டுவிட்டுச் செய்தால் பாராட்டு மாத்திரைக்குப் போய்விடும், நீங்கள் ஒன்றும் கற்றிருக்கமாட்டீர்கள். அதற்காக நாளையே தூக்கி எறியவும் வேண்டாம். தொடர்ந்து எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும். சிலருக்கு வலிப்பே வரும். எந்த நாளில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று எழுதிக்கொண்டு மனநல மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

கழுத்தைத் தேய்ப்பதை இந்த வரியைப் படிக்கும்போதே நிறுத்துங்கள். அங்கே கைக்கு அகப்படுவது கரோட்டிட் தமனி. அதை அழுத்தினால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். தமனியில் கொழுப்பு படிந்த வயதானவர்களுக்குப் பக்கவாதம்கூட வரும். உங்கள் வேகஸ் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வாட்ச் காட்டும் ஹெச்.ஆர்.வி. வயது, தூக்கம், காய்ச்சல், நேற்றைய உடற்பயிற்சி என்று எதற்கெல்லாமோ மாறுகிற எண். அதைப் பார்த்துப் பார்த்துப் பதறுவதுதான் உங்களுக்குக் கெடுதல். வயிறு உறுமுவது, கொட்டாவி, கண்ணீர் எல்லாம் இறுக்கம் தளரும்போது வருபவை, விட்டுத்தள்ளுங்கள்.

விரல் மரப்பதற்குக் காரணம் நீங்கள் மூச்சை அதிகமாக விடுவது. மார்பு விம்ம இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். அதனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை கிறுகிறுக்கும், ரத்தத்தில் பயன்படக்கூடிய கால்சியத்தின் அளவு இறங்கி விரலும் உதடும் குறுகுறுக்கும். மரத்துப்போகிறதே என்று பயந்து இன்னும் பெரிதாக இழுப்பார்கள், இன்னும் மரக்கும். மூச்சைச் சிறிதாக்குங்கள். மூக்கால் 4 வினாடி மெதுவாக இழுத்து, 6 வினாடி விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். நிமிடத்துக்கு 6 மூச்சு, 3 நிமிடம் போதும். மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு இயல்பாகவே குறைகிறது, அதனால்தான் விடுவதை நீட்டுகிறோம். பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுச் சத்தம் கேட்டால் அதிகம் இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதப் பையில் மூச்சுவிடும் வைத்தியம் வேண்டாம்.

பாடி ஸ்கேனுக்குப் பதிலாக, சிகிச்சையாளரின் மேற்பார்வையில் இப்படிச் செய்யலாம். நாற்காலியில் நிமிர்ந்து, கண் திறந்து, பாதம் தரையில் பட உட்காருங்கள். கழுத்தை மெதுவாகத் திருப்பி அறையைப் பாருங்கள். ஏதாவது மூன்று பொருள்களின் நிறத்தையும் ஓரத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் 5 வினாடி அழுத்தி, 20 வினாடி தளர விடுங்கள், மூன்று முறை. பிறகு உடலில் லேசாக மட்டும் தொந்தரவு தரும் ஓர் இடத்தைக் கவனியுங்கள், 10 வினாடிக்கு மேல் வேண்டாம். உடனே கவனத்தை உள்ளங்கைக்கோ பாதத்துக்கோ கொண்டுவந்து அதைப்போல இரண்டு மடங்கு நேரம் இருங்கள். நான்கைந்து முறை இப்படிப் போய்வந்தால் போதும். மொத்தம் 5 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை.

தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் கொடுங்கள். 3, 4-இல் இருக்கும்போது பழகுங்கள். 6-ஐத் தொட்டால் உள்ளே கவனிப்பதை விட்டுவிட்டு எழுந்து நடங்கள், யாரிடமாவது பேசுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பேனிக் அட்டாக்கின் உச்சத்தில்தான் பயிற்சியே ஞாபகம் வரும், அப்போது அது வேலை செய்யாது, உடனே பயிற்சியே வீண் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அமைதியான நேரத்தில் பழகாத எதுவும் அவசரத்துக்குக் கைகொடுக்காது.

இன்னொரு தவறு, பதற்றமே வராமலிருக்க இதைக் காவல் வைப்பது. மணிக்கொருமுறை நாடி பார்த்து, மூச்சை எண்ணி, பாதத்தை அழுத்தி ஓடிக்கொண்டிருந்தால் அது பயத்துக்குத் தீனி. மீள்திறன் என்பதை நான் ஒரே ஓர் அளவில்தான் பார்ப்பேன்: எண் எவ்வளவு ஏறியது என்பதில்லை, ஏறியது இறங்க எத்தனை நிமிடம் எடுத்தது. அதை மட்டும் எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் அந்த நிமிடங்கள் குறைந்தால் சிகிச்சை வேலை செய்கிறது.

தளர்வு எல்லாருக்கும் எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையும் தவறு. தளரத் தளரப் பதற்றம் ஏறுகிறவர்கள் உண்டு. 1980-களிலிருந்தே ஆய்வுகளில் பதிவானது இது. ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறவர்களுக்கோ தளர்த்தும் பயிற்சி சொல்லித் தரவே கூடாது. அவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்குவதுதான் பிரச்சினை. அதனால் கை, வயிறு, கால் தசைகளை 10 முதல் 15 வினாடி இறுக்கி, முகம் சூடானதும் விட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி இறுக்கச் சொல்வோம்.

அடுத்த சந்திப்பில் சிகிச்சையாளரிடம் முதலில் சொல்ல வேண்டியது தொலைந்துபோன அந்த நேரத்தை, அடுத்து மாத்திரையை. இதுவரை இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நல்ல சிகிச்சையாளர் உடனே பயிற்சியின் அளவைக் குறைப்பார். 'வெளியே வருகிறது, வரட்டும், தொடர்ந்து செய்யுங்கள்' என்று தட்டிக்கொடுத்தால் வேறு ஒருவரைத் தேடுங்கள். உடலைத் தொட்டுச் செய்யும் முறை எதையாவது அவர் முன்வைத்தால், எங்கே, எதற்கு, எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்லி, உங்கள் சம்மதம் கிடைத்த பிறகுதான் செய்ய வேண்டும். நடுவில் நீங்கள் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.