மார்கழியில் பூக்க வேண்டிய மா கொழுந்து விடுகிறதே?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் 15 வயது பெங்களூரா ரக மாந்தோப்பு, சொட்டுநீர் போட்டிருக்கிறேன். மார்கழியில் பூ வராமல் மரமெல்லாம் செங்கொழுந்து விட்டது. பிப்ரவரியில் அரைகுறையாகப் பூத்து, நின்ற பிஞ்சும் ஏப்ரல் வெயிலில் கோலிக்குண்டு அளவிலேயே கொட்டிவிட்டது. அறுவடை இப்போதுதான் முடிந்தது. கல்டார் ஊற்றலாமா ஐயா?

பதில்: கல்டார் (பேக்லோபியூட்ரசால்) கொழுந்து வளர்ச்சியை அடக்கிப் பூக்க வைக்கும் மருந்து. அதற்கு முன்னால் கவாத்தை, அதாவது கிளை வெட்டுவதைப் பாருங்கள். இரவு 15 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தால் மாவின் மொட்டு பூவாகும். இரவு வெதுவெதுப்பாக இருந்து மண்ணிலும் ஈரம் நின்றால் அதே மொட்டு கொழுந்தாகிவிடும். கார்த்திகை மழை நீண்டு, மார்கழியிலும் குளிர் பிடிக்காத வருஷங்களில் இதுதான் நடக்கிறது.

குளிரை நம்மால் கொண்டுவர முடியாது, ஆனால் கிளையை முற்ற வைக்கலாம். நான்கைந்து மாதம் முற்றிய கிளை குளிர் குறைந்தாலும் பூக்கும். அதனால் ஆடி முடிவதற்குள் காய்த்த நுனிகளையும் உள்ளே அடைந்த கிளைகளையும் வெட்டி, உடனே உரம் வையுங்கள். ஆவணியில் வரும் தளிர் மார்கழிக்குள் முற்றிவிடும். கவாத்தைப் புரட்டாசிக்குத் தள்ளினால் மறுபடி இதே கதைதான்.

நவம்பரிலிருந்து சொட்டுநீரை நிறுத்துங்கள். மழைநீர் தேங்காமல் வடிகால் எடுத்துவிடுங்கள். பிப்ரவரி ஆகியும் பூ வராவிட்டால் லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் தெளிக்கலாம். அதற்கு முன் ஒரு இலையைப் பறித்து உள்ளங்கையில் கசக்குங்கள். கரும்பச்சையாக இருந்து மொறமொறவென்று நொறுங்கினால் தெளிக்கலாம். துவண்டு மடிந்தால் தெளித்துப் பயனில்லை.

பிஞ்சு உதிர்வதற்கு வெயிலோடு தண்ணீர் கொடுக்கும் முறையும் காரணம். காய்ந்து கிடந்த மரத்துக்கு ஒரேயடியாகத் தண்ணீர் விட்டால் உதிர்வு கூடும். பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விடாமல் கொடுங்கள். அடிமரத்தை ஒட்டாமல் நிழல் விழும் வட்டம் முழுக்கச் சருகு மூடாக்கு போடுங்கள். பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போதே, உதிர்வைக் குறைக்கும் 4.5 சதவீத என்ஏஏ என்ற வளர்ச்சி ஊக்கி மருந்தை 10 லிட்டர் தண்ணீருக்கு 4.5 மில்லி கலந்து தெளிக்கலாம். அளவு கூடினால் அதுவே பிஞ்சை உதிர்த்துவிடும், கவனம். பூ விரிந்திருக்கும்போது மட்டும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மகரந்தம் சேர்க்கும் ஈக்கள் செத்துப்போகும்.

அப்புறம் கல்டார். செப்டம்பர் முதல் பாதியில், மரத்துக்கு 10 கிராம் மூலப்பொருள் (மருந்தில் வேலை செய்யும் பொருள் மட்டும்) வீதம் வேர்ப்பகுதியில் ஊற்றுவது வழக்கம். நோஞ்சான் மரத்துக்கு வேண்டாம். வருஷா வருஷம் ஊற்றினால் கிளைகள் குறுகிப்போகும். இந்த வருஷம் கவாத்து செய்து பாருங்கள், அதன் பிறகு முடிவு செய்யலாம்.