மோட் சிப்பும் சால்டரிங்கும்: கையடக்க கன்சோல் கேள்வி பதில்

கையடக்க கேம் கன்சோலைத் திறந்து உள்ளே சிப் வைப்பது, கம்பி செருகும் போர்ட்டை மாற்றுவது, பழைய கேட்ரிட்ஜைச் சரிசெய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பேட்டரியின் இணைப்பைக் கழற்றாமல் சர்க்யூட் போர்டின்மேல் சால்டரிங் அயர்னை (பாகங்களை ஒட்டும் சால்டர் என்ற உலோகக் கலவையை உருக்கும் கருவி) வைக்காதீர்கள். கன்சோல் அணைந்திருந்தாலும் பேட்டரி மின்சாரம் போர்டில் பல இடங்களில் இருந்துகொண்டே இருக்கும்.

கதிர்: அண்ணா, மோட் சிப் உள்ளே என்னதான் செய்கிறது? "கன்சோலை ஏமாற்றுகிறது" என்பதற்கு மேல் யாரும் விளக்குவதில்லை.

நல்ல கேள்வி தம்பி. கன்சோலை இயக்கியதும் பிராசஸர் முதலில் தனக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கும் ஒரு சிறிய நிரலை ஓட்டுகிறது. அடுத்து வரப்போகும் நிரலில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. மோட் சிப் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து, பிராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தை மிக மிகக் குறுகிய நேரத்துக்குக் கீழே இழுத்துவிடுகிறது. பிராசஸர் தடுமாறி ஒரு கட்டளையைத் தவறவிட்டால் சோதனையும் தவறிப்போகிறது. இதை வோல்டேஜ் கிளிட்ச் என்பார்கள். முதல் முயற்சியிலேயே பலிக்க வேண்டும் என்பதில்லை. சிப் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் திரும்பத் திரும்ப முயலும்.

சிப்பின் இணைப்பு ஏன் பிராசஸருக்கு ஒட்டினாற்போல் உள்ள கெபாசிட்டர்களில் வருகிறது என்பதும் இதிலிருந்து புரியும். மின்னழுத்தம் ஆடாமல் பிடித்து வைப்பதுதான் கெபாசிட்டரின் வேலை. அதை மீறி இழுக்க வேண்டுமென்றால் இடையில் தடை இருக்கக் கூடாது. நீளமான மெல்லிய கம்பி இழுத்தால் கிளிட்ச் மழுங்கிப்போகும். சரியாக ஒட்டாத சால்டரும் அதைத்தான் செய்யும். "சிப் கெட்டுவிட்டது" என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு அந்தக் கெபாசிட்டர்களின் மேலுள்ள சால்டர்தான் காரணம்.

இன்னொன்று: 2017-இல் வந்த முதல் நின்டெண்டோ ஸ்விட்ச்களில் சால்டரிங்கே தேவைப்படவில்லை. அவற்றின் டெக்ரா எக்ஸ்1 பிராசஸரில் யுஎஸ்பி வழியாக நுழையக்கூடிய ஒரு குறை இருந்தது. அது 2018-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. குறை சிப்பிலேயே பொறிக்கப்பட்ட நிரலில் இருந்ததால், விற்றுப்போன கன்சோல்களை மென்பொருளால் திருத்த வழியில்லை. பின்னர் தயாரானவற்றில் அதை அடைத்துவிட்டார்கள். எனவே அயர்னை எடுக்கும் முன் உங்களிடம் இருப்பது எந்தத் தலைமுறை என்று பாருங்கள். சட்டத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டின் டிஎம்சிஏ போல, டிஜிட்டல் பூட்டைத் தாண்டுவதையே தடுக்கும் சட்டங்கள் பல நாடுகளில் உள்ளன.

நிவேதா: அயர்னை எத்தனை டிகிரியில் வைப்பது?

புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் 63/37 ஈய சால்டர் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகும். கன்சோல் தொழிற்சாலையிலிருந்து வரும்போது இருக்கும் ஈயமில்லா சால்டர் ஏறத்தாழ 217-இல் உருகும். அயர்னை 330-இலிருந்து 350-க்குள் வையுங்கள்.

ஆனால் எண்ணைவிட முனை முக்கியம். சின்ன வேலைக்கு ஊசி முனை வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஊசி முனை பேடை (போர்டில் சால்டர் வைக்கும் சிறு செப்புப் பரப்பு) தொடும் பரப்பு மிகக் குறைவு, வெப்பம் இறங்காது. சால்டர் உருகவில்லையே என்று அழுத்துவீர்கள், தேய்ப்பீர்கள், டிகிரியை 420-க்கு ஏற்றுவீர்கள். கடைசியில் பேட் போர்டிலிருந்து பெயர்ந்து வரும். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் உளி முனை வாங்குங்கள். முனையில் கொஞ்சம் சால்டர் ஈரம் இருக்கட்டும், பேடில் ஃப்ளக்ஸ் (உலோகத்தைச் சுத்தமாக்கிச் சால்டரைப் பரவவைக்கும் பசை) இருக்கட்டும். தொட்டதும் சால்டர் முதலில் உருண்டையாக நிற்கும். ஃப்ளக்ஸ் லேசாகப் புகையும். பிறகு உருண்டை திடீரெனத் தளர்ந்து பேட் முழுவதும் படியும், ஓரம் உள்வளைந்து மின்னும். அதைப் பார்த்ததும் முனையை எடுத்துவிடுங்கள். எல்லாம் இரண்டு விநாடி வேலை. பேடைக் கெடுப்பது வெப்பத்தின் அளவைவிட, வெப்பம் போய்ச் சேராததால் நீங்கள் கொடுக்கும் அழுத்தமும் நேரமும்தான்.

செல்வம்: எனக்குக் கை நடுங்கும். இந்த வேலை நமக்கு ஆகுமா?

ஆகும். மணிக்கட்டை மேசையில் ஊன்றுங்கள், கம்பியை காப்டன் டேப்பால் (சூடு தாங்கும் டேப்) ஒட்டி நிறுத்துங்கள், உருப்பெருக்கி வழியாகப் பாருங்கள்.

பிரபு: எந்த டெம்பரேச்சர் சரி அண்ணா?

நிவேதாவுக்குச் சொன்னதுதான். முனையைப் பற்றிய பகுதியையும் சேர்த்துப் படியுங்கள்.

ஜமீலா: கேம்பாய் கேட்ரிட்ஜில் பேட்டரி தீர்ந்துவிட்டது. புதிய காசு பேட்டரியின்மேல் நேராகச் சால்டர் வைக்கலாமா?

கூடாது. லித்தியம் காசு பேட்டரி அந்தச் சூட்டில் வெடிக்கக்கூடும். தகடு ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்டே வரும் பேட்டரியை வாங்கி, தகட்டை மட்டும் போர்டில் சால்டர் செய்யுங்கள். கழற்றும் முன் யோசியுங்கள்: போகிமான் கோல்டு, சில்வர் போன்றவற்றில் ஆட்டத்தின் சேமிப்பே பேட்டரியால்தான் நிற்கிறது. பேட்டரி போனால் சேமிப்பும் போகும். கேம்பாய் அட்வான்ஸில் வந்த ரூபி, சஃபையரில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். சேமிப்பு தனியாக ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும்.

தினேஷ்: சிப் வைத்த பிறகு இலவசமாக கேம் எங்கே கிடைக்கும்?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். விளையாட்டை உருவாக்கியவர்களுக்குச் சேர வேண்டியது சேரட்டும்.

முருகேசன்: ஈய சால்டரைப் பரிந்துரைக்கிறீர்களே, அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் ஈயம் உடம்பில் சேராதா? ஐரோப்பாவில் 2006-இலேயே கட்டுப்படுத்திவிட்டார்களே?

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஆபத்து புகை வழியாக வருவதில்லை. ஈயம் கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். 350 டிகிரி அயர்னில் அது ஆவியாகும் அளவு பொருட்படுத்தத் தக்கதல்ல. நீங்கள் பார்க்கும் புகை ஃப்ளக்ஸிலுள்ள ரோசின் என்ற மரப்பிசினுடையது. அது வேறு விதத்தில் கெடுதல்: தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். எனவே விசிறி வைத்துப் புகையை வெளியே தள்ளுங்கள். ஈயம் வாய்வழியாகத்தான் உள்ளே போகும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வேலை மேசையில் சாப்பிடாதீர்கள், குழந்தைகளை அங்கே விடாதீர்கள். ஐரோப்பிய விதி சந்தைக்கு வரும் பொருள்களுக்கானது. குப்பையில் சேரும் ஈயத்தைக் குறைப்பது அதன் பெரிய நோக்கம்.

முருகேசன்: அப்படியானால் ஈயமில்லா சால்டரையே பழகினால் என்ன?

தாராளமாகப் பழகலாம், நான் தடுக்கவில்லை. புதியவருக்கு 183 டிகிரியில் உருகுவது பேடைக் காப்பாற்றும் என்பதுதான் என் வாதம்.

ஆரோக்கியம்: இரண்டும் வேண்டாம். பிஸ்மத் என்ற உலோகம் கலந்த, 138 டிகிரியில் உருகும் சால்டர் பேஸ்ட் இருக்கிறதே? போர்டு சூடாகவே வேண்டியதில்லை.

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிஸ்மத் கலவை நொறுங்கும் தன்மை உடையது. கையடக்க கன்சோல் கீழே விழும், பையில் அழுந்தும், பிராசஸர் அருகே சூடேறி ஆறும். அந்த இடத்தில் நொறுங்கும் இணைப்பு நிற்காது. ஈய சால்டர் ஏற்கெனவே இருக்கும் பேடில் பிஸ்மத்தை வைத்தால் நிலைமை இன்னும் மோசம். ஈயம், வெள்ளீயம், பிஸ்மத் மூன்றும் கலந்து, 96 டிகிரியிலேயே உருகும் கூட்டு அங்கே உருவாகலாம். பழுதான போர்ட்டைக் கழற்ற பிஸ்மத்தைப் பயன்படுத்துங்கள், அதற்கு அருமையானது. கழற்றியதும் செப்புப் பின்னலால் பேடைத் துடைத்தெடுத்து, புது சால்டர் பூசி, மறுபடியும் துடைத்த பிறகே புதிய போர்ட்டை வையுங்கள்.

ஆரோக்கியம்: தொழிற்சாலைகளிலேயே பயன்படுத்துகிறார்களே?

பயன்படுத்துகிறார்கள். அங்கே போர்டு, பாகம், பேஸ்ட் மூன்றையும் அதற்கென்றே தேர்ந்தெடுக்கிறார்கள், ஈயம் கலக்க இடமில்லை. உங்கள் மேசையில் முன்பு யார் எதைப் பூசினார் என்றே தெரியாது.

வசந்தி: பேட் பெயர்ந்துவிட்டது. போர்டு போனதுதானா?

இல்லை. பேடிலிருந்து கிளம்பும் செப்புத் தடத்தைத் தேடுங்கள். அதன்மேலுள்ள பச்சையோ கறுப்போ ஆன பூச்சைக் கத்தி நுனியால் ஒரு மில்லிமீட்டர் நீளம் மட்டும் சுரண்டினால் செப்பு மின்னும். ஃப்ளக்ஸ், மெல்லிய சால்டர் பூச்சு, பிறகு 0.1 மி.மீ. எனாமல் கம்பி. மல்டிமீட்டரில் (மின் அளவுகளைக் காட்டும் கருவி) தொடர்பு சரிபார்த்து, புறஊதா ஒளியில் இறுகும் பசையால் மூடுங்கள். தடம் உள்ளடுக்குக்கு இறங்கிவிட்டால் போர்டின் வரைபடம் பார்த்து அதே இணைப்பு வேறெங்கே வெளிவருகிறது என்று தேட வேண்டும்.

ரஃபி: குழாய்க்குப் போடும் ஃப்ளக்ஸ் வீட்டில் இருக்கிறது, போதுமா?

வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அமிலம் செப்புத் தடத்தை அரித்துவிடும்.

சுந்தர்: ஈயமில்லா சால்டருக்கு எத்தனை டிகிரி?

350. மறுபடியும் கேட்க வேண்டாம். முனையை மாற்றுங்கள்.

இளவரசி: சிப் வைத்து முடித்தேன், இன்னும் பேட்டரி இணைக்கவில்லை. சரியாக வைத்தேனா என்று இணைக்கும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

இப்படித்தான் கேட்க வேண்டும். பலர் இணைத்த பிறகு கேட்கிறார்கள். மல்டிமீட்டரை டயோடு நிலைக்குத் திருப்புங்கள். சிவப்புக் கம்பி போர்டின் கிரவுண்டில் (பேட்டரியின் மைனஸ் முனையோடு சேரும் பொதுப் பகுதி), கறுப்புக் கம்பி நீங்கள் சால்டர் செய்த புள்ளியில். சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக மின்னோட்டம் ஓடுவதால், சிக்னல் புள்ளிகளில் பெரும்பாலும் 0.3 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும். ஓஎல் என்று வந்தால் தொடர்பு இல்லை; அந்தப் புள்ளியை ஃப்ளக்ஸ் வைத்து மறுபடி தொடுங்கள். பூஜ்யம் வந்தால் கிரவுண்டோடு ஒட்டியிருக்கிறது. ஆனால் பிராசஸருக்கு மின்சாரம் தரும் கெபாசிட்டரில் இயல்பாகவே மிகக் குறைந்த அளவு காட்டும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வேலை தொடங்கும் முன்பே எல்லாப் புள்ளிகளையும் அளந்து எழுதி வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. எழுதி வைக்கவில்லை என்றால் அதே மாடல் போர்டு வைத்திருப்பவரிடம் அளந்து கேளுங்கள். எண்கள் சரியாக வந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஃப்ளக்ஸைத் துடைத்து, முழுவதும் காய்ந்த பிறகு பேட்டரியை இணைக்கலாம்.