புல் அறுக்கும் பருவமும் படப்பு போடும் பக்குவமும்

கேள்வி: திருநெல்வேலி மாவட்டம் மானூர் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் முழுவதும் கம்பு நேப்பியர் புல், கோ (பி.என்) 5 ரகம் போட்டிருக்கிறேன். கலப்பினப் பசுக்கள் நான்கு உள்ளன. இரண்டரை மாதம் வரை வளரவிட்டு, ஆள் உயரத்தைத் தாண்டியபின் அறுப்பதால் புல்லின் எடை நன்றாகக் கிடைக்கிறது. ஆனால் பால் கூடவில்லை; தவிடு, புண்ணாக்குச் செலவும் குறையவில்லை. காரணம் என்ன?

பதில்: உங்களிடம் புல் தேவைக்கு மேல் இருக்கிறது; அதனால்தான் அது முற்றுகிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ பசும்புல் என்றால் நான்குக்கும் 100 கிலோ, ஆண்டுக்கு 36 டன் அளவில் வரும். இந்த ரகம் தண்ணீரும் எருவும் தட்டில்லாமல் கிடைக்கும் இடத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 140 முதல் 150 டன் வரை விளையக்கூடியது. உங்கள் கிணற்று நீருக்கு அதில் பாதிதான் தேறும் என்று வைத்துக்கொண்டாலும், அரை ஏக்கருக்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை. மீதி அரை ஏக்கர், மோட்டார் ஓட்டி நீங்கள் முற்றவிடுகிற தண்டு.

முற்றிய புல்லில் கூடுவது தண்டும் நாரும்தான். 45 நாளில் அறுக்கும் புல்லின் உலர்ந்த எடையில் புரதம் சுமார் 9, 10 சதவீதம் இருக்கும் என்றால், இரண்டரை மாதத்தில் அது 6, 7 சதவீதமாகச் சரிந்துவிடும். செரிக்கும் தன்மையும் குறைந்துவிடும். மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டைத் தொட்டியில் ஒதுக்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். குறைந்துபோன அந்தப் புரதத்தைத்தான் புண்ணாக்காகக் கடையில் வாங்குகிறீர்கள்.

ஆகவே, நேப்பியரை அரை ஏக்கராகக் குறைத்து, அதை நாளுக்கு ஒரு சென்ட் வீதம் பகுதி பகுதியாகப் பிரித்து அறுத்து வாருங்கள். கரணை (நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டு) நட்ட பின் முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில். அதன்பின் ஏறத்தாழ 45 நாளுக்கு ஒருமுறை. கடைசிச் சென்ட்டை அறுத்து முடிக்கும்போது முதல் சென்ட் மறுபடி அறுப்புக்கு வந்திருக்கும். அறுத்த உடனே பாத்திக்குத் தண்ணீரும் தொழுவத்துக் கழிவுநீரும் பாய்ந்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலும் அடுத்த துளிர்ப்பில் அது தெரியும்.

மீதி நிலத்தில் 30 சென்ட்டுக்குப் புரதம் மிகுந்த பயறு வகைத் தீவனமான வேலிமசால் போடுங்கள். அதே வகையைச் சேர்ந்த குதிரைமசாலைப் பலரும் பரிந்துரைப்பார்கள். நம் வெயிலுக்கு வேலிமசால்தான் நிலைத்து நிற்கும் என்பது என் கருத்து. அதன் விதையின் தோல் கடினமானது. சுமார் 80 டிகிரி சூட்டில் உள்ள நீரில் நான்கைந்து நிமிடம் போட்டெடுத்து, ஆறவைத்து விதைத்தால் ஒன்றுபோல முளைக்கும். முதல் அறுப்புக்கு 90 நாள் பொறுக்க வேண்டும். பிறகு 40 நாளுக்கு ஒருமுறை கிடைக்கும். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு மசால் என்று கலந்து கொடுக்கத் தொடங்கினால், புண்ணாக்கை எவ்வளவு குறைக்கலாம் என்பதைப் பால் அளவைப் பார்த்துப் படிப்படியாக முடிவு செய்யலாம். நேப்பியரில் ஆக்சலேட் என்னும் பொருள் இருப்பதால் அதை மட்டுமே தொடர்ந்து போடும் மாட்டுக்குச் சுண்ணாம்புச்சத்து குறையும். தாது உப்புக் கலவையை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் பிசான நெல் அறுவடை முடிந்ததும் வைக்கோலை வயலிலேயே உருளைகளாகக் கட்டி வியாபாரிகள் கேரளத்துக்கு ஏற்றிச் செல்கிறார்கள். நானும் முழுவதையும் விற்றுவிட்டு, ஐப்பசியில் தேவைக்கு வாங்கிக்கொள்கிறேன். இருப்பு வைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கிறது.

பதில்: பங்குனியில் ஊரெல்லாம் வைக்கோலாகக் கிடக்கும்போது விற்பதும், மழைக்காலத்தில் எவரிடமும் இல்லாதபோது வாங்குவதும் இரண்டு பக்கமும் நஷ்டம். ஒரு பசுவுக்கு நாளுக்கு 5 கிலோ என்றால் ஆறு மாதத்துக்கு 900 கிலோ வேண்டும். உங்கள் மாடுகளின் எண்ணிக்கையால் அதைப் பெருக்கி, அந்த அளவை ஒதுக்கிவிட்டு மீதியை விற்பதே முறை. மழைக்காலத்துக்கு முன் அறுக்கும் கார் நெல்லின் வைக்கோலை நம்பி இருந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்; அது காய்ந்து முடிவதற்குள் மழை தொடங்கிவிடும் ஆண்டுகள் உண்டு.

பூஞ்சணத்துக்குக் காரணம் ஈரம். கையால் கட்டிய காலத்தில் களத்தில் கிடந்து காய்ந்த வைக்கோல் இப்போது அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே உருளையாகச் சுருட்டப்படுகிறது. காலைப் பனி உலருமுன் சுருட்டினால் வெளிப்பக்கம் பொன்னிறமாகவும் நடுவில் கறுப்பாகவும் ஆகும். வெயில் ஏறியபின் கட்டச் சொல்லுங்கள். ஒரு பிடி வைக்கோலை முறுக்கிப் பாருங்கள். ஈரப்பசை தட்டாமல் நொறுநொறுவென்று முறிய வேண்டும். இருப்பு வைத்த ஒரு வாரத்தில் உருளையின் நடுவே கையை நுழைத்துப் பார்த்துச் சூடு தெரிந்தால், உடனே பிரித்து உலர்த்த வேண்டும். படப்பு (வைக்கோல் போர்) போடும் இடம் மேடாக இருக்கட்டும்; அடியில் கல்லோ பனந்தடியோ பரப்பி, மேல் பக்கம் கூம்பாக முடியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஆற்றோரத் தாழ்வுகளில் படப்பு போடுவதை அதன்பின்னும் சிலர் விடவில்லை. பூஞ்சணம் பிடித்ததைச் சினை மாட்டுக்குக் காட்டவே கூடாது.

விலையை ஒப்பிடும்போது நீரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பேச்சுக்கு, பசும்புல் கிலோ 3 ரூபாய், வைக்கோல் 8 ரூபாய் என்று கொள்வோம். புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர். ஆகவே உலர்ந்த கணக்கில் கிலோ 15 ரூபாய். நீர் மிகக் குறைந்த வைக்கோலுக்கு அதே கணக்கு 9 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வயிற்றை நிரப்ப வைக்கோல் மலிவு. ஆனால் அதில் புரதம் 3, 4 சதவீதம்தான் என்பதால் அதை வைத்துப் பால் கறக்க முடியாது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைத்தால் அதன் தரம் உயரும். எடுத்தபின் சற்று நேரம் ஆறவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. யூரியா கரைத்த நீரைக் கால்நடை எட்டும் இடத்தில் வைப்பதும் ஆபத்து.

கேள்வி: ராதாபுரம் பக்கம் மானாவாரிச் செவல் நிலம் மூன்று ஏக்கர், ஆடுகள் 40. கொழுக்கட்டைப் புல் போட்டால் மேய்ச்சலுக்குத் தாங்குமா?

பதில்: தாங்கும்; முதல் ஆண்டு ஆட்டை உள்ளே விடாமல் இருக்க உங்களால் முடிந்தால். புரட்டாசியில் முதல் மழை ஈரத்தில் ஏக்கருக்கு 3 கிலோ கொழுக்கட்டை விதையும், பயறு வகைத் தீவனமான முயல்மசால் விதை 2 கிலோவும் விதையுங்கள். புல் விதை பஞ்சுபோல இருப்பதால் ஈர மணலோடு கலந்து தூவ வேண்டும். புதிதாக அறுத்த விதை முளைக்காது. ஆறு மாதமாவது ஆன விதையைக் கேட்டு வாங்குங்கள். முதல் பருவத்தில் புல் பூத்து விதை கொட்டட்டும். தேவையானால் அறுத்துப் போடலாம். அடுத்த ஆண்டு நிலத்தை நான்கு அடைப்பாகத் தடுத்து, ஒன்றில் மேயும்போது மற்ற மூன்றும் துளிர்க்க விடுங்கள். மூன்று ஏக்கர் மானாவாரிப் புல் 40 ஆட்டுக்கு ஆண்டு முழுவதும் போதாது. பிசானம் அறுத்த வயல்களில் கிடை போடும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். வரப்போரத்தில் அகத்தியும் வேண்டும்.

கேள்வி: கோ.எப்.எஸ் 31 தீவனச் சோளத்தைக் காயவைத்து விற்க நினைக்கிறேன். எப்போது அறுப்பது? இளம் பயிர் மாட்டைக் கொன்றுவிடும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். இளம் சோளத்திலும், தண்ணீரில்லாமல் வாடிய பயிரிலும், வாடி நின்று மழை கண்டு வெடித்த துளிரிலும் சயனைடு நஞ்சு கூடுதலாக இருக்கும். பாதிக்குப் பாதி பூத்தபின் அறுத்தால் பயம் குறைவு. நன்றாக உலர்ந்தால் மேலும் குறையும். மேய்ந்த மாடு மூச்சுத் திணறித் தள்ளாடினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். உடனே ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு.

உலர்த்துவதற்கு மாசி, பங்குனி வெயிலும், ஆனி, ஆடிக் காற்றும் ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் அறுப்புக்கு வரும்படி விதைக்கவே வேண்டாம். அறுத்ததை மெல்லிய பரப்பாக விரித்து, இலை சற்றே பதமாக இருக்கும் காலை நேரத்தில் புரட்டுங்கள். உச்சி வெயிலில் புரட்டினால் இலை உதிர்ந்து தட்டை மட்டுமே மிஞ்சும், வாங்குகிறவரும் அதைப் பார்த்தே விலையைக் குறைப்பார். ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் கட்டி, பச்சை நிறம் மங்காதபடி நிழலில் அடுக்குங்கள். முதல் முறை 20 சென்ட்டுக்கு மேல் விதைக்காமல், வெட்டுக்கூலி, கட்டுக்கூலி, வண்டி வாடகை மூன்றையும் எழுதிவைத்து, கட்டு ஒன்றுக்கு அடக்கம் என்னவென்று தெரிந்தபின் பரப்பைக் கூட்டுங்கள்.