எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை, மாவுக்கட்டு எதற்கு?

கேள்வி: என் 5 வயது மகன் சறுக்குமரத்திலிருந்து கையை ஊன்றி விழுந்துவிட்டான். முழங்கை வீங்கி, கையை நீட்ட மறுத்தான். எக்ஸ்ரே அறிக்கையில் ‘முறிவு எதுவும் காணப்படவில்லை, மூட்டில் நீர் கோத்திருக்கிறது’ என்று எழுதியிருந்தார்கள். ஆனாலும் மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்கிறார். எண்ணெய் போட்டு நீவினாலே போதும் என்கிறார் என் மாமியார். என்ன செய்வது?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: கட்டைப் பிரிக்காதீர்கள், உங்கள் மருத்துவர் செய்தது சரியே. 5 வயதில் முழங்கையின் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் பதியாது என்பதால், முறிவுக் கோடு கண்ணில் படாவிட்டாலும், அதைக் காட்டிக்கொடுக்கும் மறைமுக அடையாளங்கள் இருக்கின்றனவா என்று நாங்கள் தேடுகிறோம்.

அவற்றில் முதன்மையானது, அறிக்கை குறிப்பிடும் அந்த நீர்க்கோப்பு. அடிபட்ட மூட்டில் அது பெரும்பாலும் இரத்தமாகவே இருக்கும். மேற்கை எலும்பின் கீழ்முனையில், முன்னும் பின்னும், மூட்டு உறைக்குள் சிறிது கொழுப்பு உண்டு. முழங்கையை 90 பாகை மடக்கிப் பக்கவாட்டில் படம் எடுத்தால், முன்பக்கக் கொழுப்பு ஒரு மெல்லிய கருங்கீற்றாகத் தெரியலாம். பின்பக்கக் கொழுப்போ எலும்பின் குழிக்குள் ஒடுங்கியிருப்பதால் தெரியவே கூடாது. உள்ளே எலும்பு விரிசல் விட்டு மூட்டில் இரத்தம் நிறையும்போது, முன்பக்கக் கொழுப்பு காற்றில் புடைத்த பாய்மரம்போல மேலெழும். பின்பக்கக் கொழுப்பும் குழியை விட்டு வெளியே தள்ளப்பட்டு, எலும்புக்குப் பின்னால் கருநிறமாகத் தெரியும். அமெரிக்காவில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பின்பக்க அடையாளம் மட்டும் இருந்து முறிவுக் கோடு தெரியாத 45 குழந்தைகளை மூன்று வாரம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோது, 34 பேருக்கு முறிவு ஏற்பட்டிருந்ததற்கான சான்று கிடைத்தது. வேறு சில ஆய்வுகளில் இந்த விகிதம் இதைவிடக் குறைவாகவும் வந்திருக்கிறது. ஆயினும், அடையாளம் தெரிந்தபின் முறிவு இருப்பதாகவே கருதிக் கையை அசையாமல் வைப்பதுதான் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, படத்தின் மேல் கோடு வரைந்து பார்ப்போம். மேற்கை எலும்பின் முன்விளிம்பை ஒட்டிக் கீழ்நோக்கி இழுக்கும் கோடு, அதன் நுனியில் வெளிப்புறமாக உள்ள உருண்டைப் பகுதியின் நடுவே செல்ல வேண்டும். அந்த உருண்டை கோட்டுக்குப் பின்னால் தள்ளியிருந்தால், மூட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து பின்புறமாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். குழந்தைகளின் முழங்கையில் மிக அதிகமாகக் காணப்படும் முறிவு இதுதான். 4 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கோடு இயல்பாகவே சற்று முன்னால் செல்லக்கூடும். முன்கையின் ஆர எலும்பின் வழியே வரையும் கோடு, எந்தக் கோணத்தில் எடுத்த படத்திலும் அதே உருண்டையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஆர எலும்பு மூட்டிலிருந்து விலகியிருக்கிறது. அப்போது முன்கை முழுவதையும் படம் எடுத்து, முன்கையின் மற்றோர் எலும்பான அல்னா முறிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

படம் சரியான நிலையில் எடுக்கப்பட்டிருந்தால்தான் இவை அனைத்தும் பொருந்தும். வலியால் அழும் குழந்தையின் கையை நீட்டியபடியே எடுத்துவிட்டால், முறிவு இல்லாதபோதும் பின்பக்கக் கொழுப்பு வெளியே தெரிந்து ஏமாற்றும். குழந்தையைப் பொறுமையாகச் சமாதானப்படுத்தி, தோளையும் முழங்கையையும் மேசையில் ஒரே மட்டத்தில் வைத்துப் படம் எடுக்கும் எக்ஸ்ரே பணியாளரின் திறமைக்கு நாம் போதிய மதிப்புத் தருவதில்லை.

இரண்டு வாரத்தில், முறிந்த எலும்பின் விளிம்பை ஒட்டிப் புது எலும்பு வெண்கோடாகப் படரும். முதல் படத்தில் மறைந்திருந்தது அப்போது வெளிப்படும். ஒன்றும் இல்லை என்றால் கட்டை எடுத்துவிடலாம். குறுகிய காலக் கட்டினால் குழந்தைகளின் மூட்டு நிரந்தரமாக இறுகிப்போவது அரிது.

மாமியாரின் அக்கறையை மதித்தே சொல்கிறேன்: நீவினால் விரிசல் விட்ட எலும்பு விலகலாம், தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு மடங்காமலும் போகலாம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைபட்டு, விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடும் ஆபத்து உண்டு. மாவுக்கட்டு போட்ட பிறகும் விரல்கள் வெளிறினாலோ, மரத்துப்போனாலோ, மருந்துக்கு அடங்காமல் வலி கூடினாலோ, விரலை நீட்டிவிடும்போது துடித்தாலோ, இரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. அடிபட்டது இடது முழங்கையில். வலது கையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னது ஏன்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: முழங்கையில் ஆறு இடங்களில் எலும்பு மையங்கள், அதாவது குருத்தெலும்பு எலும்பாக மாறத் தொடங்கும் புள்ளிகள், ஏறத்தாழ 1, 3, 5, 7, 9, 11 வயதுகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன; பெண் குழந்தைகளுக்குச் சற்று முன்னதாகவே தோன்றும். ஒரு துணுக்கு புதிதாக உருவாகும் மையமா, உடைந்த சில்லா என்ற ஐயம் எழும்போது அடிபடாத கையோடு ஒப்பிடுவார்கள். வயதைவிட வரிசையே முக்கியம். முழங்கையின் உட்பக்கம் துருத்தியிருக்கும் எலும்பு மேட்டின் (உட்புற மேடு) மையம் 5 வயதிலும், மூட்டின் உட்பகுதி மையம் 7 வயதிலும் வர வேண்டும். முந்தையது அதன் இடத்தில் இல்லாமல் பிந்தையது மட்டும் இருப்பதுபோலத் தெரிந்தால், அது உடைந்து மூட்டுக்குள் சிக்கிய உட்புற மேடாக இருக்கலாம். அப்படிச் சிக்கியிருந்தால் அதை மூட்டிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். ஐயம் இல்லாத நிலையில் மற்றக் கையைப் படம் எடுக்கத் தேவையில்லை.