ஒட்டுத்துணி தைக்கவா அமெரிக்கா வந்தோம்?

அவிநாசி அம்மிணிக்கு வணக்கம். நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் சுருக்கிக்கொள்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவர், கல்யாணமாகி, வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் வந்து வீட்டிலேயே இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக் கொடுக்கும் குழுவுக்குக் கூப்பிடுகிறார். மெஷின் ஓட்டத் தெரியும், குவில்ட் என்கிற அந்த ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத் தெரியாது, இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும். விசாவில் சிக்கல் வருமா, ஊரிலிருந்து மாமா பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சும் துண்டுத்துணியை, அதாவது கட்டிங் வேஸ்ட்டைக் கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் அம்மா போனில் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள்: "ஒட்டுத்துணி தைக்கறதுக்கா அத்தன தூரம் போனே?"

நான் பெருந்துறைப் பக்கம். ஒஹாயோவுக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்படி ஒரு குழுவில் நானும் இருக்கிறேன். போங்கள். யோசிக்க ஒன்றும் இல்லை.

முதலில் விசா. வேலை அனுமதி இல்லாத எச்-4-ல் சம்பளம் வாங்கக்கூடாது. சம்பளமில்லாமல் தொண்டு அமைப்புக்குத் தைத்துக் கொடுப்பது பொதுவாகத் தடையில்லை. தைத்ததை விற்று ஐந்து டாலர் வாங்கினாலும் கதை வேறு. "ரொம்ப அழகா இருக்கு, எனக்கு ஒண்ணு தைச்சுக் குடு, காசு தர்றேன்" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டுக்காரரின் கம்பெனி வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இனி கட்டிங் வேஸ்ட். வேண்டாம். பனியன் துணி பின்னல் துணி, இழுத்தால் இழுபடும். சதுரமாக வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும், நாலு துண்டைச் சேர்த்தால் நாலும் நாலு அளவில் நிற்கும். பின்னால் ஒட்டுத்தாள் வைத்து அயர்ன் பண்ணினால் தைக்கலாம். பழைய டீ-ஷர்ட்டுகளில் அப்படித்தான் போர்வை செய்கிறார்கள். ஆனால் அந்த ஒட்டுத்தாளுக்குச் செலவழிக்கும் காசுக்கு நல்ல துணியே வாங்கிவிடலாம். உங்கள் மாமா கம்பெனி வேஸ்ட்டுக்கு ஊரிலேயே வேலை இருக்கிறது. கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓ.இ. மில்லில் மறுபடி நூலாகும், இல்லாவிட்டால் மெஷின் துடைக்கப் போகும். அதை 23 கிலோ பெட்டியில் அடைத்து விமானம் ஏற்ற வேண்டியதில்லை.

குவில்ட்டுக்கு வேண்டியது தறியில் நெய்த சுத்தப் பருத்தி. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தையல். அவ்வளவுதான் சங்கதி. தையலுக்குக் கால் அங்குலம் விடுவது ஒன்றுதான் கறார். அதில் நூலளவு தப்பினாலும் கடைசியில் ஓரங்கள் பொருந்தாது. அளவு பார்த்தே பழகிய உங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். நம் பக்கம் யாருக்காவது துணி கொடுத்தால் கோடித்துணியாகக் கொடுப்போம். ஒட்டுப் போட்டதைக் கொடுத்தால் அவமரியாதை. அதே வீட்டில், பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் படுக்க வைக்க மாட்டோம். தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன பழைய நூல் சேலையை நாலாக மடித்து, ஓட்டுத் தையல் போட்டு விரிப்போம். அம்மாவுக்கு அதை ஞாபகப்படுத்துங்கள். இங்கேயும் ஒட்டுத்துணி தைப்பது வறுமையிலும் வளர்ந்த கைவேலைதான். 1930-களில் பொருளாதாரம் படுத்துவிட்ட காலத்தில் மாவும் கோழித்தீவனமும் பருத்திச் சாக்கில் வந்தன. பெண்கள் அதைப் பிரித்துச் சட்டையும் போர்வையும் தைக்கிறார்கள் என்று தெரிந்ததும், கம்பெனிக்காரர்கள் சாக்கிலேயே பூ டிசைன் அச்சடித்து விட்டார்கள். அதே டிசைனில் இன்னொரு சாக்கு கிடைக்கிறதா என்று பெண்கள் தேடி எடுப்பார்களாம். மாட்டுத்தீவனச் சாக்கைக்கூட வீணாக்காத நம் ஊருக்கு இது புரியாதா என்ன? அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், வயலில் உடுத்திக் கிழிந்த துணிகளில் தைத்த போர்வைகளை 2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் மாட்டி வைத்தார்கள்.

தொண்டுக்குத் தைப்பதில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1995-ல் கொலராடோவில் தொடங்கிய பிராஜெக்ட் லைனஸ் என்ற தொண்டு அமைப்பு, நோயிலோ கஷ்டத்திலோ இருக்கும் குழந்தைகளுக்குப் போர்வை சேர்த்துக் கொடுக்கிறது. கையால் செய்தது, புதியது, மெஷினில் துவைக்கக்கூடியது என்றால்தான் வாங்குவார்கள். லூத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் என்ற இன்னொரு அமைப்பு வெளிநாட்டு அகதிகளுக்கு அனுப்புவது 60-க்கு 80 அங்குலம், பெரியவர்கள் போர்த்தும் அளவு. அதற்குப் பழைய பெட்ஷீட்கூட ஆகும். நுணுக்கமாகத் தைக்கத் தேவையில்லை, சில அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டு மூன்று அடுக்கையும் பிணைத்தால் போதும். ஆஸ்பத்திரிக்கு என்றால் பொத்தான், மணி, ஜரிகை எதுவும் கூடாது. சிகரெட் வாடை, செண்ட் வாடை, பூனை முடி கூடாது. ஒரு குண்டூசி உள்ளே தங்கிவிடக்கூடாது. தைத்து முடித்ததும் இரண்டு கையாலும் முழுக்கத் தடவிப் பார்க்க ஒருவரை எங்கள் குழுவில் தனியாக உட்கார வைத்திருக்கிறோம்.

தொடங்குவதற்கு நீள்துண்டு ஒட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதுதான் உயிர். ஒன்று, ஒன்றரை அங்குல அகலத்தில் வேறு எதற்கும் ஆகாத துண்டுகள் எல்லாக் குழுவிலும் மூட்டையாகக் கிடக்கும். ஒரு சதுரத் தாளை எடுத்துக்கொண்டு மூலைக்கு மூலை ஒரு துண்டை வைக்க வேண்டும். அதன்மேல் இன்னொன்றைக் கவிழ்த்து வைத்து ஓரத்தில் ஒரு தையல், பிறகு மலர்த்தி அயர்ன். இப்படியே இரண்டு பக்கமும் மூலை வரை. தாள் அளவுக்கு ஓரத்தைச் சீவிவிட்டுத் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். பழைய டெலிபோன் டைரக்டரித் தாள் இதற்கு அருமையாக இருக்கும், இப்போது அதுதான் கிடைப்பதில்லை. நாலு சதுரத்தைத் திருப்பி வைத்தால் நடுவில் வைரம் மாதிரி ஒரு கட்டம் தானாக விழும். நிறம் பொருந்துகிறதா என்று ரொம்ப யோசித்தால் கெட்டுப்போகும். கைக்கு வந்ததை எடுத்துத் தையுங்கள்.

துணி சேர்ப்பது தனி வியாதி. கடையில் கஜம் 12, 13 டாலர். ஜோ-ஆன் என்ற பெயரில் ஊருக்கு ஊர் இருந்த துணிக்கடைகள் 2025-ல் மொத்தமாக மூடிய பிறகு பல ஊர்களில் துணிக்கடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் குழுவில் துணிக்குப் பஞ்சமே வராது. வயதான அம்மா ஒருவர் தவறிப்போனால் பிள்ளைகள் அவர் சேர்த்து வைத்த துணியைக் காரில் நிரப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். இலவசமாகக் கிடக்கிறதே என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வராதீர்கள். அடுத்த போர்வைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். அபார்ட்மெண்டில் பீரோ நிறைந்தால் முதலில் பேசுவது உங்கள் கணவர்தான்.

அங்கே நீங்கள் கொடுப்பதற்கும் ஒன்று இருக்கிறது. பத்து விதத் தையல் தெரிந்த அம்மாக்களுக்குத் துணி எப்படி உருவாகிறது என்று தெரியாது. துணியைக் கசக்கிப் பார்த்தே பாலியஸ்டர் கலப்பைச் சொல்வது, சுருங்குமா சாயம் போகுமா என்று கணிப்பது உங்களுக்குக் கைவந்த வேலை. சாயப்பட்டறைகள் நிறைந்த நொய்யல் கரைக்காரிக்குச் சாயத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தானமாக வரும் துணியைத் தரம் பிரிக்கும் மேசையில் போய் உட்காருங்கள், இரண்டாம் வாரமே உங்களைத் தேடுவார்கள். இங்கிலீஷ் தன்னால் வரும். கையில் வேலை இருக்கும்போது எதிராளி முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய நெருக்கடி இல்லை, மௌனமாக இருந்தாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. திருப்பூர் எங்கே என்று கேட்டால் அவர்கள் பேரன் டீ-ஷர்ட்டின் கழுத்து லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள், மேட் இன் இந்தியா என்று இருந்தால் நம் ஊர்ச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊர் மெஷினைக் கொண்டுவர வேண்டாம். மோட்டார் 230 வோல்ட், இங்கே 120. பழைய மெஷின் இங்கேயே மலிவாகக் கிடைக்கும், அதுவரை குழுவில் இரவல் தருவார்கள்.

ஊரிலிருந்து ஏதாவது வந்தே ஆகவேண்டும் என்றால் சொல்கிறேன். பவானி ஜமுக்காளம் உட்காரத்தான், தைக்க முரடு. சென்னிமலை பெட்ஷீட் கனம், பெரியவர் போர்வைக்கு அடித்துணியாகப் போடலாம். நெகமம் சேலை, லுங்கி எல்லாம் சாயம் போகிறதா என்று வெந்நீரில் வெள்ளைத் துணியோடு ஊறவைத்துப் பார்த்த பிறகுதான். எல்லாவற்றையும்விட உபயோகம் காடா. பல்லடம், சோமனூர் தறியில் நெய்து வெளுக்காமல் வரும் அதே துணி. இங்கே அதைக் காசு கொடுத்து அடித்துணிக்கு வாங்குகிறார்கள். நீள்துண்டு ஒட்டுக்குத் தாளுக்குப் பதிலாக மெல்லிய காடாவை வைத்தால் கிழிக்கிற வேலையும் மிச்சம். கஞ்சி போக வெந்நீரில் ஒருமுறை அலசிச் சுருங்கவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

அதை வாங்க மாமாவை அனுப்பாதீர்கள். அம்மாவையே ஒரு செவ்வாய்க்கிழமை ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு அனுப்புங்கள். ஆஸ்பத்திரிக் குழந்தைக்கு என்று சொல்லி அனுப்பினால் கடைக்காரரிடம் பேரம் பேசி நல்லதாக எடுத்துவிடுவார். அடுத்த முறை போனில் உங்களைத் திட்ட மாட்டார், எத்தனை போர்வை ஆச்சு என்றுதான் கேட்பார்.