லோயர் ஆர்ம் முதல் பிரேக் பேட் வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கம்பெனியில் வந்த லோயர் ஆர்ம் 90,000 கிலோமீட்டர் ஓடுச்சுங்க. வெளியில் வாங்கிப் போட்டது ஆறே மாசத்தில் 'டொக் டொக்'குங்குது. இப்ப வர்ற ஸ்பேர் எல்லாம் இப்படித்தானுங்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பாதிப் பழி ஸ்பேர் மேல், மீதி மாட்டிய விதத்தின் மேல். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு சேர்க்கும் கை. வண்டிப் பக்க முனையில் இருக்கும் ரப்பர் உருளை புஷ், சக்கரப் பக்க முனையில் இருக்கும் குண்டு மூட்டு பால் ஜாயின்ட். விலையைக் குறைக்க நினைக்கிறவர் முதலில் கை வைப்பது புஷ் ரப்பரில்தான். இயற்கை ரப்பரைக் குறைத்து, பழைய ரப்பரிலிருந்து மீட்டெடுத்த ரீக்ளைம் ரப்பரும் சுண்ணாம்புப் பொடியும் கூட்டினாலும் புஷ் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், சீக்கிரம் வெடித்துவிடும். புஷ் நடுவே உள்ள உலோகக் குழாயோடு ரப்பர் ஒட்டியிருக்கும் ஓரத்தைக் கடையிலேயே பாருங்கள். அங்கே நகம் நுழைந்தால் வாங்காதீர்கள்.

அடுத்தது மாட்டுவது. பல பட்டறைகளில் சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். இந்தப் புஷ் பேரிங் மாதிரிச் சுழலாது. ரப்பர் முறுக்கிக் கொடுத்துத்தான் ஆர்ம் ஏறி இறங்குகிறது. தொங்கலில் இறுக்கினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறி நிற்கும். பள்ளத்தில் விழ விழக் கிழியும். ஒரிஜினலுக்கும் இதே கதிதான். போல்ட்டைக் கையால் மட்டும் பூட்டி, வண்டியை இறக்கி, எடை சக்கரத்தில் விழுந்தபின், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கச் சொல்லுங்கள். இறக்கியபின் அடியில் கை நுழையாவிட்டால், வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, பால் ஜாயின்ட் ஓரத்தில் ஜாக் கொடுத்து, வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கும் உயரத்தில் இறுக்கலாம். அதன்பின் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இல்லையென்றால் முழு ஆர்ம் எதற்கு? பிரஸ் உள்ள லேத் பட்டறையில் புஷ்ஷை மட்டும் மாற்றலாம். சில புஷ்களில் ரப்பரில் ஓட்டை விட்டிருப்பார்கள். அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பழையதைக் கழற்றும்முன் ஆர்மில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வாட்டர் சர்வீஸில் அடியில் டீசல் அடிக்க விடாதீர்கள். பளபளப்பு இரண்டு நாள்; டீசல் குடித்த ரப்பர் ஊதிப் பொதபொதத்துப் போகும்.

கேள்வி: புது பிரேக் பேட் போட்டு வால்பாறை போனோம். இறங்கும்போது கருகிய வாடை. பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, வண்டி நிற்கவில்லை.
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: பெடல் கெட்டியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் குறை பேடில். மட்டமான பேடில் பிசின் சூட்டில் ஆவியாகி டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே வழுக்கும். நல்ல பேடும் பழக்காமல் 40 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் இதையேதான் செய்யும். புது பேடைப் பழக்குவது இப்படி: காலியான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை மிதமாகக் குறையுங்கள், முழுக்க நிறுத்தாமல். ஒவ்வொரு முறைக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் காற்று வாங்க விட்டு, எட்டுப் பத்து முறை. மலையில் இறங்கும்போது இரண்டாவது கியர்.

பேட் மாற்றும்போதே காலிபர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகரும் பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவ வேண்டும். சாதாரண சேஸிஸ் கிரீஸ் பின்னை மூடும் ரப்பர் உறையைக் கெடுக்கும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பெடல் பொதுக்கென்று உள்ளே போனால் அது வேறு கோளாறு: பிரேக் ஆயில் கொதிக்கிறது. டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கும். ஈரம் ஏறியபின் 155 பக்கம் இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: டப்பாவைப் பார்த்து டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகர், பல்லடம்

பதில்: டப்பாவை மட்டும் நம்ப முடியாது, அதையும் அச்சடிக்கிறார்கள். பார்ட் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கேளுங்கள். தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். கார் கம்பெனிக்கே சப்ளை செய்யும் தயாரிப்பாளர் தன் பெயரில் விற்கும் பொருள் கிடைத்தால் அதுவே போதும், கார் கம்பெனி டப்பாவுக்குத் தனிக் காசு வேண்டாம்.

கேள்வி: கோவை உக்கடத்தில் பழைய ஸ்பேர் வாங்கலாமுங்களா?
- வாசகர், சூலூர்

பதில்: கதவு, பம்பர், ஹெட்லைட் தாராளமாக. பிரேக், ஸ்டீயரிங், ரப்பர் சாமான் எதுவும் வேண்டாம்.