கேள்வி பதில்: ஆயிரம் பிரதிகளில் தொடங்கிய குழு

கேள்வி: பெரிய நிறுவனங்களின் தயவின்றி ராக் குழுக்கள் தாமே இசைத்தட்டு வெளியிடும் வழக்கத்தை இங்கிலாந்தின் பஸ்காக்ஸ் குழுதான் தொடங்கி வைத்தது என்கிறார்களே, உண்மையா? அக்குழு எப்படி உருவானது?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: தொடங்கி வைத்தது என்பது சற்று மிகை, சொந்தச் செலவில் தட்டு போட்டவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். ஆனால் பிரிட்டனின் பங்க் (எளிமையும் ஆவேசமும் கொண்ட ராக் இசை வகை) குழுக்களில் அதை முதலில் செய்தது இவர்களே என்று சொல்வது வழக்கம்.

போல்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ஹோவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும் 1976 தொடக்கத்தில் லண்டனின் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் கச்சேரியைத் தேடிப்போய்ப் பார்த்து, அவர்களை அந்த ஆண்டு ஜூன் 4 அன்று மான்செஸ்டருக்கே வரவழைத்தார்கள். அதே மேடையில் தாங்களும் வாசிப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் குழு அதற்குள் தயாராகவில்லை. ஸ்டீவ் டிகிள் பாஸ் கிதாருக்கும், 16 வயதே ஆகியிருந்த ஜான் மேஹர் டிரம்ஸுக்கும் வந்து சேர்ந்த பிறகு, ஜூலை 20 அன்றுதான் அங்கே மேடையேற முடிந்தது.

நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, டிசம்பர் 28 அன்று மார்ட்டின் ஹானெட் தயாரிப்பில் ஒரே நாளில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தார்கள். 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற அந்தச் சிறு தட்டு, நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே பெயர் வைத்த நிறுவனத்தின் வெளியீடாக 1977 ஜனவரியில் 1,000 பிரதிகளுடன் வந்து, பின்னர் மறுபதிப்புகளாக 16,000 பிரதிகள் வரை விற்றது. அட்டையில் இருப்பது, குழுவின் மேலாளர் ரிச்சர்ட் பூன் போலராய்ட் கேமராவில் எடுத்த படம்.

என்னைக் கேட்டால், பாடல்களுக்கு இணையாக அட்டையின் பின்பக்கத்தையும் சொல்வேன். ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, மேற்பதிவாக ஏதேனும் சேர்த்தார்களா என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். தொழில் ரகசியம்போல் காக்கப்பட்டு வந்த வேலை இவ்வளவுதானா என்று அதைப் படித்த இளைஞர்களுக்குத் தைரியம் வந்திருக்கும். 'போர்டம்' பாடலின் நடுவில் வரும் கிதார் தனிவாசிப்பே இரண்டு சுரங்களைத்தான் திரும்பத் திரும்ப மீட்டுகிறது. வித்தை காட்டுவதைக் கேலி செய்வதற்கென்றே அப்படி வாசித்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

தட்டு வெளிவந்த சில வாரங்களிலேயே டிவோட்டோ குழுவை விட்டு விலகினார். ஷெல்லி பாடகரானார், டிகிள் கிதாருக்கு மாறினார். அதே ஆண்டு ஆகஸ்டில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பெரிய நிறுவனத்துடன் ஒப்பந்தமும் ஆயிற்று. 1979இல் அந்த முதல் தட்டு மீண்டும் வெளியானபோது பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 31ஆம் இடம் பிடித்தது.